மூலையறை மிஸ்ஸி

அவருடைய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் இங்கே எழுதப்போவதில்லை. யாருடைய பெயரையும் எடுத்து யாரிடமும் எதுவும் சொல்லாத மனுஷி அவர். அப்படிப்பட்டவரின் பெயரை நான் மட்டும் ஊருக்குச் சொல்வது அழகில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பதும் வேண்டாம். வன்னியில் ஓர் ஆஸ்பத்திரி, அதில் குழந்தைகள் வார்ட்டின் மூலையறை, அங்கே ஒரு தாதி. எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

மிஸ்ஸி மெல்லப் பேசுவார். இதை ஒரு குணமென்று எழுத வந்துவிட்டாளே என்று நினைக்க வேண்டாம். நான் முரசுமோட்டையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவள். எங்கள் வீட்டில் உப்புக் கேட்டாலும் அடுத்த வளவுக்குக் கேட்கும். மெல்லப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். முதல் நாள் மிஸ்ஸி என் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. "என்ன மிஸ்ஸி?" என்று என் வழக்கமான குரலில் கேட்டேன். தொட்டிலில் கிடந்த குழந்தை விறைத்து, இரண்டு கையும் விரிந்து, வீரிட்டது. மிஸ்ஸி என்னை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"டீச்சர், இந்த அறைக்குள்ளை வரேக்கை உங்கடை தொண்டையை வெளியிலை வைச்சிட்டு வாங்கோ," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. படிப்பிக்க வந்த இருபது வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அறைக்கு வெளியே மிஸ்ஸி என்னையும் மிஞ்சியவர். பளையிலிருந்து பஸ்ஸில் வருவார். வழியில் கொண்டக்டரோடு பிடித்த சண்டையைக் கன்ரீனில் உட்கார்ந்து நடித்துக் காட்டுவார். அவர் சிரித்தால் தேத்தண்ணி ஊற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். வடை ஆறிப்போயிருந்தால் அதற்கு ஒரு வழக்கே நடக்கும். அந்தத் தொண்டை மூலையறையின் கதவு வரைதான். கதவைத் தாண்டினால் அவர் பேசுவதைக் கேட்க நாம் குனிய வேண்டும். ஏன் மிஸ்ஸி இப்படி என்று ஒருமுறை கேட்டேன். சண்டைக் காலத்தில் தறப்பாள் கூடாரங்களுக்குக் கீழே இயங்கிய ஆஸ்பத்திரிகளில் அவர் வேலை செய்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே பட்ட பாட்டில் வந்த பழக்கமாக இருக்குமென்று மனதுக்குள் ஒரு கதையும் கட்டி வைத்திருந்தேன். "கத்தினால் தொண்டை நோகும் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கதை அவ்வளவுதான்.

அந்த அறைக்கு நாங்கள் வந்ததற்குக் காரணம் என் தங்கச்சி. சண்டை முடிகிற காலத்தில், அவள் சின்னப் பெட்டையாக இருந்தபோது, ஷெல் துண்டொன்று முதுகடியில் ஏறிவிட்டது. எடுக்கப் போனால் கால் வழங்காமல் போகலாம் என்று டொக்டர்மார் அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். அவள் வளர்ந்தாள், நோவும் வளர்ந்தது. கிளினிக்கில் தந்த வலுவான குளிசை இல்லாமல் அவளால் எழும்பி நடக்க முடியாது. அபின் வகையைச் சேர்ந்த குளிசை அது. பிள்ளை உண்டானதும் டொக்டர் அதைக் குறைத்தார். ஆனால் நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்தினால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து என்றார். பிறந்த பிறகு பிள்ளை கொஞ்சநாள் நடுங்கும், அழும், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டி வரும் என்றும் முன்கூட்டியே சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினோம். ஒன்றை மட்டும் செய்யவில்லை. புளியங்குளத்தில் இருக்கும் அவளுடைய மாமிக்கு, புருஷனின் தாய்க்கு, இதைச் சொல்லவில்லை. முதுகுக் காயம் எப்போதோ ஆறிவிட்டது என்று சொல்லித்தான் கலியாணமே பேசியிருந்தோம். அவள் தினமும் விழுங்குவது விற்றமின் என்று மாமி நம்பிக்கொண்டிருந்தார்.

குழந்தை பிறந்த அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் தொடங்கியது. அந்த அழுகையை எப்படிச் சொல்வது? பசிக்கு அழும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இது அப்படியில்லை, கூர்மையாக, உச்சத்தில், நிறுத்தாமல். கையும் காலும் நடுங்கின. முலையைத் தேடி வெறி பிடித்ததுபோல் வாயைத் திறக்கும், பிடிக்கத் தெரியாமல் விட்டுவிடும். அடிக்கடி தும்மியது. அடுக்கடுக்காகக் கொட்டாவி விட்டது. பார்த்தவர்கள் கொட்டாவியைச் செல்லமென்று சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. நான் பயந்துபோய் ஊரிலிருந்து ஐயரிடம் நூலும் திருநீறும் எடுப்பித்துவிட்டேன். மிஸ்ஸி தடுப்பார், ஒரு கை பார்க்கலாம் என்றுதான் போனேன். அவர் நூலை வாங்கி விரலால் உரசிப் பார்த்தார்.

"நல்ல நூல்தான். கையிலை கட்டினால் தோல் உரஞ்சும். தொட்டில் காலிலை கட்டிவிடுங்கோ, சாமிக்கு எல்லா இடமும் ஒண்டுதானே," என்றார்.

சண்டைக்கு வந்தவள் நூலைத் தொட்டில் காலில் கட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தேன்.

அந்த அறையில் அவர் செய்து வைத்திருந்த வேலைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். சன்னலுக்குப் பழைய கட்டில் விரிப்பு இரண்டை மடித்துத் திரையாகப் போட்டிருந்தார். மருந்து வண்டிலின் சில்லு கீச்சிட்டது என்று வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டார். உள்ளே வருகிற யாராக இருந்தாலும் காப்பைக் கழற்ற வேண்டும். டொக்டர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் என்னைப்போலத் தொண்டை. அவர் வாயைத் திறக்கு முன்பே மிஸ்ஸி வாசலைக் காட்டுவார். டொக்டர் தன் பரிவாரத்தோடு நடைபாதைக்குப் போய் நின்று நோயைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்.

குழந்தையை மதிப்பிடுவதிலும் மிஸ்ஸிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பசியோடு கதறும்போது பார்க்கவே மாட்டார். "பசிச்சால் ஆரும் கத்துவினம்," என்பார். பாலைக் குடிக்க விட்டு, முதுகில் தட்டி ஏவறை எடுத்து, பிறகுதான் தொட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குடிக்குதா, குடித்த பிறகு நித்திரை கொள்ளுதா, அழுதால் தூக்கி அணைக்க அடங்குதா. இந்த மூன்றும் ஓரளவுக்கு நடந்தால் நடுக்கத்தைக் கண்டு அவர் பதறுவதில்லை. நடக்காவிட்டால் டொக்டரைக் கூப்பிடத் தயங்குவதுமில்லை. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். பிள்ளைக்குச் சுகமா என்று கேட்டால், "பிள்ளை இன்னும் சொல்லேல்லை." இன்றைக்குப் பரவாயில்லையா என்றால், "ஓம், பிள்ளை சொல்லுது." எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. கேட்டால் ஒரு பதிலைச் சொல்லவேண்டியதுதானே என்று தோன்றியது.

குழந்தையை எப்படிச் சுற்றுவது என்று தங்கச்சிக்குச் செய்து காட்டினார். கை இரண்டும் நெஞ்சுக்கு மேலே வரும்படி இறுக்கிச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆட்டக்கூடாது, நெஞ்சோடு வைத்து மேலும் கீழுமாக மெல்ல அசைக்க வேண்டும். முகத்துக்கு முகம் வைத்துக் கொஞ்சுவதும், கதைப்பதும், ஆட்டுவதும் ஒரே நேரத்தில் கூடாது, ஏதாவது ஒன்று. குழந்தையின் மோவாயும் முழங்காலும் துணியில் உரஞ்சிப் புண்ணாகியிருந்தன. புதுத்துணி வேண்டாம், தோய்த்துத் தோய்த்துப் பழசானது கொண்டுவாருங்கள் என்றார். என் பழைய வொயில் சீலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பல வருடம் உடுத்த சீலை அது, அதற்கு நல்ல கதி கிடைத்தது.

இவ்வளவு செய்தும் குழந்தை நித்திரை கொள்ளாத நாள் வந்தது. டொக்டர் துளி மருந்து தொடங்கச் சொன்னார். அது என்ன மருந்து என்று கேட்டேன். தங்கச்சி விழுங்குகிற குளிசையின் இனம்தான் என்றார் மிஸ்ஸி. எது கெடுத்ததோ அதையே கொடுப்பதா என்றேன். "படியிலை ஏறி நிக்கிற பிள்ளையைக் கீழை குதி எண்டு சொல்லேலாது டீச்சர். ஒவ்வொரு படியா இறக்குவம்," என்றார். இறக்கவும் செய்தார்கள். துளி குறையக் குறைய, குழந்தை பால் குடித்துவிட்டுக் கண்ணை மூடக் கற்றுக்கொண்டது.

அந்த அறையில் இன்னொரு தொட்டிலும் இருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெட்டை, இருபது வயது இருக்கலாம். அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. ஒருமுறை நன்னடத்தை அலுவலர் ஒருவர் வந்து வெளியே கூட்டிப்போய்க் கதைத்தார், அவ்வளவுதான். தூள் பாவித்தவள் என்று வார்ட் முழுக்கப் பேச்சு. ஹெரோயினை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய மகனும் எங்கள் குழந்தையைப் போலவேதான் நடுங்கினான், அதே மாதிரித்தான் வீரிட்டான். அதனால் வந்தது வினை. வெளியே நடைபாதையில் யாரோ ஒருத்தி, "அந்த மூலையறையிலை இருக்கிற ரெண்டும் தூள்காரியள்," என்று சொன்னதை, பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த மாமி கேட்டுவிட்டார்.

மாமி அன்றைக்கு அறைக்குள் வரவே இல்லை. நடைபாதையில் நின்றபடி என்னிடம் சொன்னார். துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டதும் குழந்தையைத் தான் புளியங்குளத்துக்குக் கொண்டுபோய் வளர்ப்பாராம். மகனும் ஓமென்று சொல்லிவிட்டானாம். தாய் விரும்பினால் முரசுமோட்டைக்குப் போகலாமாம். தங்கச்சியின் புருஷன் லொறி ஓடுகிறவன், தாய் சொல் தட்டாதவன். உள்ளே கட்டிலில் இருந்த தங்கச்சிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

நான் நேரே மிஸ்ஸியிடம் போனேன். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். மாமிக்கும் சொல்லுங்கள், வார்ட்டுக்கும் சொல்லுங்கள். இவள் தூள்காரியில்லை, காயப்பட்டவள், டொக்டர் தந்த குளிசையைத்தான் எடுத்தாள். உங்கள் வாயால் ஒரு சொல் வந்தால் போதும், ஊர் அடங்கிவிடும் என்று கெஞ்சினேன். அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"நான் சொல்லமாட்டன் டீச்சர். அது உங்கடை தங்கச்சியின்ரை கதை, அவ சொல்லவேணும்," என்றார். பிறகு மற்றக் கட்டிலின் பக்கம் கண்ணைக் காட்டினார். "இவ அவளை மாதிரி இல்லையெண்டு நான் சொன்னால், அவளின்ரை பிள்ளைக்கு என்ன சொல்லுறது? ரெண்டு பேருக்கும் ஒரே போத்தில் மருந்துதான் குடுக்கிறன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நியாயம் பேச நல்லாயிருக்கிறது, பிள்ளையைப் பறிகொடுக்கப் போவது நாங்களல்லவா! இன்றைக்கும் அவர் அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று சில நேரம் நினைக்கிறேன். அவரிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இந்த ஒரு குணம்தான்.

அதற்கு அடுத்த நாட்களில் குழந்தை மறுபடி குழம்பத் தொடங்கியது. பால் போதாமல் அழுதது, அணைத்தால் அடங்கவில்லை. மருந்தைக் கூட்டவேண்டி வருமோ என்று டொக்டர் யோசித்தார். மிஸ்ஸி கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சி வியர்த்திருந்தாள். மூக்கு வடிந்தது. மயிர் குத்திட்ட கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாவி விட்டாள்.

"தாயும் பிள்ளையும் ஒரே மாதிரிக் கொட்டாவி விடுறியள்," என்றார் மிஸ்ஸி. "குளிசையை எப்ப நிப்பாட்டினனீர்?"

தங்கச்சி அழுதுவிட்டாள். மாமி பேசியதைக் கேட்ட அன்றே நிறுத்தியிருக்கிறாள். தூள்காரியென்றால் இப்படி நிறுத்த முடியுமா என்று எல்லோருக்கும் காட்டப்போகிறாளாம். தலையணைக்குள் குளிசைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். நோவில் நிமிர்ந்து இருக்கவும் முடியாமல், பால் வற்றிக்கொண்டு வர, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை. எங்கள் சனத்துக்கு நோவைத் தாங்கிக்கொள்வது ஒரு பெருமை. அந்தப் பெருமையில் எத்தனை உயிர் போகப் பார்த்திருக்கிறது.

மிஸ்ஸி கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். குரல் இன்னும் தணிந்தது. கிட்டத்தட்ட மூச்சாகவே வந்தது. "பிள்ளையைப் படியாலை இறக்கிறம். நீர் மாடியிலையிருந்து குதிக்கிறீர். ஆருக்குக் காட்டுறதுக்கு?" என்று கேட்டார். பிறகு டொக்டரை அழைத்துவந்தார். குளிசை மீண்டும் தொடங்கியது. டொக்டர் பார்த்துச் சொன்னபடி தாய்ப்பாலும் தொடர்ந்தது. அன்று முழுவதும் மிஸ்ஸி அவளோடு வேறெதுவும் கதைக்கவில்லை. ஆனால் போகும்போது அவளுடைய முதுகுக்கு வைக்க இரண்டு தலையணை கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

மாமி மறுபடி வந்தார். இந்த முறை குழந்தைக்குச் சட்டை, தொப்பி, வசம்புக் காப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு, எடுத்துப்போகும் எண்ணத்தோடுதான் வந்தார். மிஸ்ஸி அவரை வாசலில் நிறுத்தி, வளையல்களைக் கழற்றச் சொன்னார். கையைக் கழுவச் சொன்னார். பிறகு அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி மாமியின் கையிலேயே கொடுத்தார். மாமி பிள்ளைகள் வளர்த்தவர். தோளில் போட்டார், ஆட்டினார், முதுகில் தட்டினார், ஆராரோ பாடினார். இதெல்லாம் கூடக்கூடக் குழந்தை விறைத்துக்கொண்டு வீரிட்டது. மாமியின் முகம் வெளிறியது.

"தாயிட்டைக் குடுங்கோ அம்மா," என்றார் மிஸ்ஸி.

தங்கச்சி சட்டையைத் தளர்த்தி, குழந்தையை வெறும் நெஞ்சோடு வைத்து, என் பழைய சீலைத்துண்டால் மூடிக்கொண்டாள். மேலும் கீழுமாக மெல்ல அசைந்தாள். பேசவில்லை, பாடவில்லை. குழந்தை இன்னும் கொஞ்சம் அழுதது. பிறகு விக்கியது. பிறகு கையின் நடுக்கம் நின்று, விரல்கள் அவளுடைய தோளில் விரிந்தன. நித்திரையாகிவிட்டது.

மாமி வாயைத் திறந்தார். மிஸ்ஸி விரலை உதட்டில் வைத்தார். அதனால் மாமி, தன் வாழ்நாளில் முதல்முறையாக என்று நினைக்கிறேன், குசுகுசுத்தார். "உனக்கு என்னடி பழக்கம், பிள்ளை?"

தங்கச்சியும் குசுகுசுத்தாள். காயம் ஆறவில்லை என்றாள். துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்றாள். விற்றமின் இல்லை மாமி, அது நோவுக்குளிசை, உங்களுக்குச் சொல்லப் பயத்திலை மறைச்சனான் என்றாள். மாமி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். எங்களை ஏமாத்திப்போட்டியள் என்றார். என்னைப் பார்த்தும் நாலு சொல் சொன்னார். எல்லாம் காற்றுப்போலத்தான் வந்தது. மெல்லச் சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டமென்று அன்றுதான் கண்டேன். உரக்கச் சொன்னால் வெட்டிவிடும் சொற்களெல்லாம் குசுகுசுத்தால் சும்மா கேள்விகளாகிவிடுகின்றன. கேள்விகள் முடிந்தபோது மாமி கட்டிலின் ஓரத்தில் இருந்துவிட்டார். மருமகளின் முதுகில், தழும்புக்குப் பக்கத்தில், கையை வைத்தார்.

"உது இப்பவும் நோகுதோ?" என்று கேட்டார்.

குழந்தை தாயோடுதான் வீட்டுக்குப் போனாள். துண்டு வெட்டிய அன்று மற்றக் கட்டில் பெட்டை தன் மகனை நெஞ்சோடு போட்டு, மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தாள். மிஸ்ஸி தொட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

போன மாதம் அவரைச் சந்தையில் கண்டேன். மீன் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டேன். என்னோடு தங்கச்சியின் மகளும் வந்திருந்தாள். இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். மிஸ்ஸி குனிந்து பெயரைக் கேட்டார். அவள் என் சீலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். "கேக்கேல்லை, கத்திச் சொல்லு," என்றார் மிஸ்ஸி. அவள் கத்தினாள். அது எங்கள் வீட்டுத் தொண்டை; சுற்றியிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸி கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தை முழுதாகக் கேட்டார். பிறகு சிரித்த சிரிப்பில் அவருடைய கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் துணிவு வந்தது. அந்த மற்றப் பிள்ளை, பக்கத்துத் தொட்டில் பெடியன், இப்போது எங்கே, எப்படி இருக்கிறான், தாயோடுதான் இருக்கிறானா என்று கேட்டேன். நெடுநாளாக மனதில் கிடந்த கேள்வி.

மிஸ்ஸியின் குரல் தணிந்தது. சந்தையில் நித்திரை கொள்ளும் குழந்தை எதுவும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"அவனுக்கும் ஒரு பெரியம்மா இருக்கிறா டீச்சர். அவாவும் என்னை இப்பிடித்தான் மறிச்சு, மற்றத் தொட்டில் பிள்ளை என்ன மாதிரி எண்டு கேட்டவா."

அவ்வளவுதான் சொன்னார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் மீன்காரரின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து உரத்த குரலில் பேரம் பேசத் தொடங்கினார்.